வள்ளப் பங்கும் ஆள் பங்கும் ஒரு கரண்டு காரும்

1

நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது, நான் என் கரண்டு காரை விற்று. விற்ற கார், இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நிமிஷம், என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. என் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு வயர் போய் அதன் விலாவில் சொருகியிருக்கிறது. அதை வாங்கினவள் என் அடுப்படியில் உட்கார்ந்து என் பெண்சாதி கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். விற்ற பொருளுக்குத் தீனியும் போட்டு, வாங்கினவளுக்குச் சோறும் போடுகிற வியாபாரி, தூத்துக்குடியிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் தேடினாலும் என்னைத் தவிர வேறு எவனும் அகப்பட மாட்டான்.

இது எப்படி நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்களாம். ஒருவர் நான் காரை ஏலத்தில் தோற்றுவிட்டேன் என்றாராம். இன்னொருவர் எனக்கு மறதி வந்துவிட்டது, விற்றதையே மறந்துவிட்டேன் என்றாராம். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்கள் இருந்தால்: என் பெயர் மிக்கேல் பர்னாந்து. படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதிதான். அப்பா சங்கு குளிக்கிறவர். நான் பதினெட்டு வயதில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாக ஏறினேன். நாலைந்து வருஷம் கடலிலேயே சுற்றிவிட்டு ஹல் என்கிற இந்தத் துறைமுக ஊரில் இறங்கினேன். ஹல் என்று எழுதுவார்கள், ஊர்க்காரர்கள் 'அல்' என்பார்கள். ஹ வராதவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்கே இந்த ஊர் பிடித்துப்போனது. முதலில் மீன் பொரிக்கிற கடையில் உருளைக்கிழங்கு தோல் சீவினேன். பிறகு அந்தக் கடையையே வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கடை. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தங்கள் பரம்பரைச் சொத்து என்று பேசுகிற வெள்ளைக்காரனுக்கே நாற்பது வருஷம் நான் மீன் பொரித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஆனால் வரிசை தெருமுனையைத் தாண்டி நிற்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

2

அறுபத்தாறு வயதில் கடைகளை விற்றுவிட்டு இந்தக் காரைப் புதுசாக வாங்கினேன். எங்கள் தெருவில் முதல் கரண்டு கார் என்னுடையதுதான். பக்கத்து வீட்டு பில், துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வு பெற்றவர், சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மிக், இது ஓடவும் செய்யுமா, இல்லை ரேடியோ மட்டும்தான் பாடுமா?" என்று கேட்டார்.

விற்பனைக்காரர் காரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்: "எங்கள் கம்பெனி நிலையங்களில் இந்தக் காருக்குச் சார்ஜ் இலவசம், ஆயுள் முழுக்க." காரைவிட அந்த வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. ஆயுள் முழுக்க! இன்சூரன்ஸ்காரன்கூடச் செத்தால்தான் தருவான். இவன் உயிரோடு இருக்கும்போதே தருகிறேன் என்கிறான். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். பத்துப் பக்கம் காகிதம் இருந்தது. படிப்பதற்கு ஒரு மகளை வக்கீலாக்கி வைத்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இலவச நிலையம் எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு மைல். போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு. நிறைய ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் வந்த வழியிலேயே கொஞ்சம் இறங்கியிருக்கும். "வீட்டுச் சுவத்துல ஒரு சார்ஜர் மாட்டுங்களேன் அப்பா" என்று என் மகள் செலின் எத்தனையோ தடவை சொன்னாள். செலின் லீட்ஸில் இருக்கிறாள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். நான் கேட்கவில்லை. சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு வீட்டுக் கரண்டை எவனாவது எரிப்பானா? ஏழு வருஷம் கரண்டு கார் வைத்திருந்தும் வீட்டில் சார்ஜர் இல்லாத ஆள் நான். இதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் பெண்சாதி லூர்து வாசலில் நின்று, "செவ்வாக்கிழமை ஊர்ல எல்லாரும் அந்தோணியார் கோயிலுக்குப் போவாவ. இந்த மனுசன் கரண்டுக் கம்பத்துக்குப் போறாரு" என்பாள். அந்த நிலையத்தில் எல்லாரும் காருக்குள்ளேயே அடைந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டுவேன். "நீங்கள் காசு கொடுத்தா ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். "எனக்கு இலவசம், ஆயுள் முழுக்க" என்பேன். அதைக் கேட்டு அந்த முகம் ஒரு மாதிரி போகும் பாருங்கள், அதற்காகவே இருபத்திரண்டு மைல் போகலாம்.

3

போன வருஷம் கண் டாக்டர், பார்வையின் நடுவில் புகை மாதிரி படர்கிறது, இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். லைசென்சைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். நாற்பத்தைந்து வருஷமாக வைத்திருந்த லைசென்ஸ். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்ததா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தேன்.

கார் வியாபாரியிடம் கொடுக்க மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எப்சிபா அகப்பட்டாள்.

பில்லுக்கு இப்போது நடமாட்டம் இல்லை. அவரை எழுப்பி, குளிப்பாட்டி, உட்காரவைக்க ஒரு கம்பெனியிலிருந்து காலையும் மாலையும் ஆள் வரும். ஒருநாள் மழையில் எங்கள் சுவரோரம் நின்று ஒரு பெண் போனில், "ஏளா, தலை பின்னினியா? அப்பா வந்தாச்சா? இங்கன ஒரே மழைளா" என்று பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துத் தமிழ் காதில் விழுந்ததும் நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"எங்கன உள்ளவ நீ?"

பயந்துவிட்டாள். பிறகு, "நாசரேத்து, அண்ணாச்சி" என்றாள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம்தான், ஆனால் கடல் இல்லாத ஊர்.

அண்ணாச்சி! இந்த ஊரில் எனக்கு மிக், மிஸ்டர் பர்னாந்து, டாட் என்று பல பெயர் உண்டு. அண்ணாச்சி என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். விஷயம் தெரிந்தது. புருஷனும் ஏழு வயது மகளும் நாசரேத்தில். இவள் ஒரு நாளைக்கு எட்டு வீட்டுக்குப் போய் வயசானவர்களைப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் கார் நின்றுவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் கார் வாங்காவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலை போனால் விசாவும் போகும்.

"நம்ம காரை எடுத்துக்கோ" என்றேன்.

"கரண்டு காரு எனக்குத் தோது வராது அண்ணாச்சி. நான் இருக்கது மூணாவது மாடி. ஜன்னல் வழியா வயரா விட முடியும்? வெளிய போய்ச் சார்ஜ் போட்டா பெட்ரோலைவிடக் கூட வரும்ங்காவ."

"ஏளா, இந்தக் காருக்குச் சார்ஜே இலவசம். ஆயுள் முழுக்க."

"நெசமாவா?"

அங்கேதான் நான் அதைச் செய்தேன். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காரின் முன்பக்கத்தில் வலது கையை வைத்தேன். "கார் உனக்கு. நாலு டயரும் புதுசு, அதுவும் உனக்கு. பின்னாடி கிடக்கிற குடையும் உனக்கு. ஆயுள் முழுக்கச் சார்ஜும் உனக்கு."

நாசரேத்துக்காரிக்கு அது புரிந்திருக்காது. எங்கள் கடற்கரையில் வள்ளம் விற்கிறவன் அதன் அணியத்தில், அதாவது முன் மூக்கில், கைவைத்து, கூட என்னென்ன போகிறது என்று சத்தமாகச் சொல்லுவான். பாய் உண்டு, துடுப்பு உண்டு, நங்கூரம் உண்டு. காகிதம் கிடையாது. கைவைத்துச் சொன்னதைக் கொடுத்தே ஆகவேண்டும். இந்த நாட்டில் அரை நூற்றாண்டு இருந்துவிட்டேன், எத்தனையோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு வியாபாரம் முடிந்தது என்றால் அது கை வைத்ததும்தான்.

4

சரியாக ஒன்பதாம் நாள் எப்சிபா போன் பண்ணினாள். இருபத்திரண்டு மைல் தள்ளி அந்த நிலையத்தில் நிற்கிறாள்.

"சார்ஜ் ஏறமாட்டுக்கு அண்ணாச்சி. மெசினு கார்டு போடுங்கி."

"பிளக்கை நல்லா அமுக்கிச் சொருகுனியா?"

"அமுக்கி, ஆட்டி, ஜெபமும் பண்ணிட்டேன்."

நான் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல மரியாதையான பெண். நடந்த பேச்சை அப்படியே தமிழில் தருகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே கரண்டு ஏற்றுவதும் சார்ஜ்தான், காசு பிடிப்பதும் சார்ஜ்தான்.

"மேடம், என் காருக்குச் சார்ஜ் ஆகவில்லை."

"நல்லது சார். உங்களிடம் எதுவும் பிடிக்கப்படவில்லை."

"அதுதான் பிரச்சினை. சார்ஜ் ஆகவேண்டும்."

"உங்களிடம் காசு பிடிக்க வேண்டும் என்கிறீர்களா, சார்?"

"இலவசமாகச் சார்ஜ் ஆகவேண்டும்!"

அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். பிறகு, "இந்த போன் அழைப்பு இலவசம்தான் சார்" என்றாள்.

கார் நம்பரைச் சொன்னதும்தான் அவளுக்குப் புரிந்தது. கார் வேறு பேருக்கு மாறிவிட்டது, அதனால் சலுகை முடிந்துவிட்டது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு நம் கடற்கரைக் கணக்கைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

"மேடம், எங்கள் ஊரில் பிடிக்கிற மீனைப் பங்கு வைப்போம். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆள் ஒவ்வொருவனுக்கும் ஒரு பங்கு. வள்ளத்தை விற்றால் வள்ளப் பங்கு வாங்கினவனுக்குப் போகும், ஏனென்றால் அது வள்ளத்தோடது. ஆள் பங்கு ஆளோடு போகும். அவன் நாளைக்கு வேறு வள்ளத்தில் ஏறினாலும் அவனுக்கு உண்டு. நீங்கள் கொடுத்தது வள்ளப் பங்கா, ஆள் பங்கா? வள்ளப் பங்கு என்றால் எப்சிபாவுக்குக் கொடுங்கள். ஆள் பங்கு என்றால் எனக்குக் கொடுங்கள், நான் போய் நின்று அவள் காருக்கு ஏற்றிக்கொடுக்கிறேன்."

"சார், எங்கள் கம்பெனி படகு செய்வதில்லை."

"படகு ஒரு உதாரணத்துக்கு!"

பாவம், அவள் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து விளக்கினாள். முதல் சொந்தக்காரரும் அந்தக் காரும் சேர்ந்திருக்கும் வரைக்கும்தான் இலவசமாம். காரை விற்றால் போச்சு. திரும்ப என் பெயருக்கே மாற்றினாலும் வராது. ஆக, வள்ளப் பங்கும் இல்லை, ஆள் பங்கும் இல்லை. வள்ளமும் ஆளும் பிரிந்தால் இரண்டு பங்கும் கம்பெனிக்கு.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லூர்து, "கலியாணம் மாதிரிதான், சாவு பிரிக்கிற வரைக்கும்" என்றாள். "நீங்கதான் பிரிஞ்சு வந்துட்டிய."

கம்பெனியை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்து குத்தியது. என் கடையில் எண்ணெயில் உதிர்கிற மொறுமொறு மாவுத் தூளை, மீன் வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கொசுறு என்றால் உயிர். ஒருநாள் இதே பில் ஒரு மீன் வாங்கிவிட்டு, வெளியே நிற்கிற மூன்று கூட்டாளிகளுக்கும் தூள் கேட்டார். "வாங்கினவனுக்குத்தான் கொசுறு, வாங்கினவனின் சிநேகிதனுக்கு இல்லை" என்று நான் சொல்லிவிட்டேன். "மிக், அதில் உனக்கு என்ன நஷ்டம்?" என்று பில் கேட்டார். "சட்டம்" என்றேன். நல்லவேளை, கம்பெனிக்காரிக்கு இது தெரியாது.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை செலின் வந்தாள். நான் கையெழுத்துப் போட்ட பத்துப் பக்கத்தையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். செலினுக்குத் தமிழ் தெரியும். ஆனால் வார்த்தைகளை அவசரத்தில் அடுக்கிய தட்டு மாதிரி எடுப்பாள், பக்கத்தில் இருப்பது கையோடு வந்துவிடும். ஏழாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, மிகவும் பரிவாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, நீங்க ஏமாத்திட்டீங்க."

"யாரு? நானா?"

"ஆமா. பாவம். இந்த வயசுல நீங்க நல்லா ஏமாத்திட்டீங்க."

அவள் சொல்ல வந்தது ஏமாந்துட்டீங்க. லூர்து சிரித்தாள். "ஏமாந்துட்டீங்கன்னு சொல்லுளா. ஒரு எழுத்துல அப்பனைத் திருடனாக்கிட்டியே" என்றாள். செலினும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் தெரியாமல் சொன்னதுதான் சரி. கம்பெனியிடம் நான் ஏமாந்தேன், வாஸ்தவம். ஆனால் எப்சிபாவை ஏமாற்றியது கம்பெனி இல்லை. அந்தக் காரின் மூக்கில் இருந்தது என் கை.

"நீங்க பொறுப்பில்லைப்பா. தெரியாமச் சொன்னது" என்றாள் செலின். "வேணும்னா விலையில கொஞ்சம் திருப்பிக் கொடுத்துட்டு, சாரி சொல்லிடுங்க."

எப்சிபாவைப் போனில் கூப்பிட்டேன். பணம் முழுவதும் தருகிறேன், காரை விட்டுவிடு என்றேன்.

"பணத்தை வச்சு நான் என்ன பண்ண அண்ணாச்சி? நாளைக்குக் காலையில எட்டு வீட்டுக்குப் போணுமே. பில் தாத்தாவை யாரு எழுப்புவா?" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க தெரியாமதான சொன்னிய. நான் எப்படியாவது சமாளிச்சுக்கிடுதேன்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்பது வருஷம் வரிசையில் நிற்கிறவர்களிடம் திட்டு வாங்கிய ஆள் நான். திட்டாதவர்களிடம் எனக்குப் பேசத் தெரியாது.

அப்போது அப்பாவின் நங்கூரம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா எங்கள் பழைய வள்ளத்தைத் தருவைகுளத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். அணியத்தில் கைவைத்து, "பாய் உண்டு, துடுப்பு உண்டு, நங்கூரம் உண்டு" என்று முழங்கிவிட்டார். பழக்கத்தில் வந்துவிட்டது. நங்கூரம் மூன்று நாளைக்கு முன்னால் கடலடிப் பாறையில் மாட்டி, கயிறு அறுந்து, அங்கேயே கிடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாங்கினவர் நல்ல மனுஷர், "வேண்டாம் வே, நான் வேற வாங்கிக்கிடுதேன்" என்றார். அப்பா கேட்கவில்லை. சங்கு குளிக்கிறவர் அல்லவா, நாலு நாள் அதே இடத்தில் முங்கினார். நாலாம் நாள் காதில் ரத்தத்தோடு ஒரு நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அது எங்களுடையது இல்லை. எங்களுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. யாருடையதோ, எந்தக் காலத்தில் விழுந்ததோ. "இது வேற நங்கூரம்லா?" என்று தருவைகுளத்துக்காரர் கேட்டார். அப்பா சொன்னார்: "நங்கூரம் உண்டுன்னுதான சொன்னேன். எந்த நங்கூரம்னு சொன்னேனா?"

நான் செலினைப் பார்த்துச் சொன்னேன்: "சார்ஜ் இலவசம்னுதான் சொன்னேன். யார் வீட்டுச் சார்ஜ்னு சொல்லலை."

6

அன்றைக்கே எப்சிபாவை வரச்சொல்லி, அடுப்படி ஜன்னல் வழியாக வயரை விட்டு, காரில் சொருகினோம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லூர்து உள்ளே இட்லிக்குக் கிரைண்டரைப் போட்டாள், நான் டீக்குக் கெட்டிலைப் போட்டேன். படக்கென்று ஒரு சத்தம். கிரைண்டர் நின்றது, கெட்டில் நின்றது, கார் நின்றது.

"காரா, இட்லியா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றாள் லூர்து, கையில் மாவோடு.

ஆகவே, ஏழு வருஷம் கரண்டு கார் வைத்திருந்தபோது மாட்டாத சார்ஜரை, கார் இல்லாமல் போன பிறகு மாட்டுவது என்று முடிவு செய்தேன். சார்ஜர் மாட்டுகிற கம்பெனிக்குப் போனிலேயே ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். இந்த வீட்டில் எத்தனை கரண்டு கார்? பூஜ்யம் என்று போட்டேன். விண்ணப்பம் சிவப்பாகி நின்றுவிட்டது. மேலே போகவே மாட்டேன் என்றது. மறுபடி போன். இந்தத் தடவை ஒரு ஆண்.

"கார் இல்லாத வீட்டுக்குச் சார்ஜர் எதற்கு, சார்?"

"கார் இருக்கிறது. என்னுடையது இல்லை."

"யாருடையது?"

"நான் விற்றேன் அல்லவா, அந்தப் பெண்ணுடையது."

"விற்ற காருக்கு நீங்கள் ஏன் சார் சார்ஜர் மாட்டுகிறீர்கள்?"

"கைவைத்துச் சொல்லிவிட்டேன்."

அவர் அதற்கு மேல் அந்த வழியில் போக விரும்பவில்லை. அவள் கார் நம்பரைப் போட்டுக்கொண்டார். "கார் சொந்தக்காரருக்கு நீங்கள் என்ன உறவு?" என்றார்.

யோசித்தேன். அப்பா இல்லை. மாமா இல்லை. பொய் சொல்லி இன்னொரு சிக்கலில் மாட்ட நான் தயாராக இல்லை.

"அண்ணாச்சி" என்றேன்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் சார்."

"ஏ ஃபார் ஆங்கர்" என்று நங்கூரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"அப்படி என்றால் அண்ணனா?"

"அண்ணன் இல்லை. அவளுக்கும் எனக்கும் நாற்பது வயசு வித்தியாசம். எங்கள் பக்கம் கடைக்காரரை அப்படிக் கூப்பிடுவார்கள்."

"ஓ, நீங்கள் அவர்களுடைய கடைக்காரரா?"

"கடையையும் விற்றுவிட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் நல்ல மனுஷர். பத்து நாளில் ஆள் வந்து சுவரில் சார்ஜரை மாட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு காகிதமும் வந்தது. கார் சொந்தக்காரருக்கு உறவு என்ற இடத்தில், ஆங்கிலத்தில், எழுத்துப் பிழை இல்லாமல், அண்ணாச்சி என்று அச்சடித்திருக்கிறது. பாஸ்போர்ட் வைக்கிற பெட்டியில் அதை வைத்திருக்கிறேன். இந்த அரை நூற்றாண்டில் நான் யார் என்று இந்த நாடு சரியாக எழுதிக் கொடுத்த காகிதம் அது ஒன்றுதான்.

7

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கார் தன் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. முன்பு நான் போய்ப் பக்கத்துக் கார்க் கண்ணாடியைத் தட்டுகிற நேரம் இருக்கிறதே, அதே நேரத்தில் இப்போது எப்சிபா என் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். சார்ஜ் ஏறுகிற வரைக்கும் சாப்பாடு, ஊர்க் கதை, நாசரேத்துக்கு வீடியோ போன். அவள் மகள் ஒருநாள் போனில் என்னைப் பார்த்து, "நீங்கதான் கரண்டு தாத்தாவா?" என்று கேட்டாள்.

நேற்று வருஷம் ஆனதற்காக லூர்து மீன் குழம்பு வைத்தாள். செலினும் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் செலின் ஒரு காகிதத்தை எடுத்தாள். "அப்பா, வாய்ப்பேச்சு வேண்டாம். எப்சிபாவுக்கும் அது நல்லதில்லை. நான் எழுதிக் கொண்டுவந்துட்டேன். ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு. ஆயுள் முழுக்க இலவசம்னு போட்டிருக்கேன். யாரோட ஆயுள்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விற்பனைக்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் மகள், என் காசில் படித்து, என்னிடமே கேட்கிறாள்.

"காரோட ஆயுளா?" என்றாள் செலின்.

"காரு இன்னும் நாலஞ்சு வருஷத்துல போயிரும்" என்றாள் லூர்து.

"என் ஆயுள்" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். "மிக்கேல் பர்னாந்து இருக்கிற வரைக்கும், இந்தக் கார் போய் வேற கார் வந்தாலும், எப்சிபாவுக்குச் சார்ஜ் உண்டு. இது ஆள் பங்கு."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எப்சிபா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்த் தன் பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்து வந்தாள். கேட்காமலே என் கையில் பட்டையைச் சுற்றினாள். கருவி ஊதி, முனகி, ஒரு எண்ணைக் காட்டியது. அவள் முகம், கொசுறு கிடையாது என்று நான் சொன்ன நாளில் பில் முகம் இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது? காலையில என்ன சாப்ட்டிய?"

"கஞ்சி."

"தொட்டுக்க?"

நான் லூர்துவைப் பார்த்தேன். லூர்து கூரையைப் பார்த்தாள்.

"சாளைக் கருவாடு" என்றேன்.

"இன்னைலேருந்து கருவாடு கெடையாது, ஊறுகா கெடையாது, அப்பளம் கெடையாது. உப்பைக் கொறைங்க."

"ஏளா! தூத்துக்குடிக்காரனைப் பாத்தா உப்பைக் கொறைங்க? எங்க ஊர் உப்பைத் திங்காதவன் எவன் இருக்கான்?"

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க போனா என் சார்ஜும் போச்சு. எனக்கு எம் புள்ளையை இங்கன கூட்டியாரணும், படிக்க வைக்கணும். இன்னும் இருவது வருசம் ஓட்டணும். அதுவரைக்கும் நீங்க இருக்கணும், சொல்லிட்டேன்."

செலின் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

பாத்திரம் கழுவும்போது லூர்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நீங்க போனா மட்டும் என்ன? பிளக்கு செவுத்துலதான இருக்கும். நான் இருக்கேன், எனக்குப் பொறவு செலின் இருக்கா. அவளை யாரு ஏத்த வேண்டாம்ங்கப் போறா? இது ஆள் பங்கு இல்ல. வீட்டுப் பங்கு."

சரியாகத்தான் சொன்னாள். அவளுக்கு என்னைவிடப் படிப்பு இரண்டு வகுப்பு கூடுதல். ஆனால் அதை எப்சிபாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். இன்று வெள்ளிக்கிழமை. வந்ததும் காருக்கு வயரைச் சொருகினாள், அடுத்து என் கையில் பட்டையைச் சுற்றினாள். ஒன்றில் எண் ஏறுகிறதா, மற்றதில் இறங்குகிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். காலையில் எனக்கு உப்பில்லாத கஞ்சி, தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாசரேத்துச் சந்தையிலோ பஸ்ஸிலோ எப்சிபாவின் வீட்டுக்காரரைப் பார்த்தால், அண்ணாச்சி நல்லா இருக்காவ என்று சொல்லுங்கள், சார்ஜ் நல்லா ஏறுது என்று சொல்லுங்கள். நான் போனாலும் பிளக் சுவரிலேயே இருக்கும் என்கிற விஷயத்தை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.